முகவரி போட்ட காசு: இங்கிலாந்துக் கடைக்காரர்களின் டோக்கன்கள், 1648–1672

1604-இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் மதுக்கடைகளுக்கு விலை நிர்ணயித்து ஒரு சட்டம் போட்டது. முதல் தர ஏல் (பீர் வகை மது) ஒரு குவார்ட் ஒரு பென்னி. லேசான இரண்டாந்தர பீர் என்றால் அதே பென்னிக்கு இரண்டு குவார்ட். குவார்ட் என்பது லிட்டருக்குச் சற்று மேல். வேலை முடிந்து வந்து அரைக் குவார்ட் லேசான பீர் கேட்கிறவர் கொடுக்க வேண்டியது கால் பென்னி. அதற்குப் பெயர் பார்த்திங். விலையை எழுதி வைத்த அரசு அந்தப் பார்த்திங்கை மட்டும் அடித்துத் தரவில்லை. ஆறாம் எட்வர்டின் ஆட்சியோடு (1547–1553) வெள்ளிப் பார்த்திங் நின்றுபோயிருந்தது. அதன் பிறகு நூறு ஆண்டுக்கு மேல், பீர் குடித்தவரும் ஊற்றிக் கொடுத்தவரும் தங்களுக்குள் ஏதாவது ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருந்தது.

அந்த ஏற்பாடுகளில் மிகப் பெரியது 1648-இல் தொடங்கி 1672-இல் முடிந்தது. அந்தக் கால் நூற்றாண்டில் இங்கிலாந்து, வேல்ஸ், அயர்லாந்து எங்கும் மளிகைக்காரர், சத்திரக்காரர், மெழுகுவர்த்தி வியாபாரி, துணிக்கடைக்காரர், ரொட்டி சுடுபவர் என்று ஆயிரக்கணக்கானவர்கள் சொந்தப் பெயரில் செம்பிலும் பித்தளையிலும் காசு அடித்துப் புழக்கத்தில் விட்டார்கள். இதுவரை பட்டியலில் ஏறிய வகைகள் பத்தாயிரத்துக்கும் மேல். லண்டனும் சுற்றுப்புறமும் மட்டுமே மூவாயிரத்தைத் தாண்டும். இதற்கு யாரும் அனுமதி தரவில்லை. காசு அடிப்பது அரசரின் தனி உரிமை என்று பல நூற்றாண்டுகளாக நம்பிவந்த நாடு அது.

இந்தக் கதையை இரண்டு விதமாகச் சொல்வார்கள். அரசு கைவிட்ட இடத்தில் சந்தை தானாகவே வழி கண்டுபிடித்தது என்பது ஒன்று. நாடே சீர்குலைந்திருந்த நாளில் கண்டவனும் காசு அடித்தான் என்பது இன்னொன்று. இரண்டிலுமே பாதி உண்மைதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. இந்தக் காசுகள் ஓடியதற்கும், ஒரு கட்டத்தில் ஓட முடியாமல் போனதற்கும் காரணம் ஒன்றுதான்: அவற்றின் மேல் பொறித்திருந்த முகவரி.

வெள்ளியில் ஏன் முடியவில்லை

ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங், ஷில்லிங்குக்கு 12 பென்னி, பென்னிக்கு 4 பார்த்திங். அதாவது ஒரு பவுனில் 960 பார்த்திங். 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் தென் இங்கிலாந்தில் கட்டட வேலைக் கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு ஷில்லிங் கிடைத்தது. அவர் கையில் வந்த மிகப் பெரிய காசே பெரும்பாலும் அந்த ஷில்லிங்தான். அதை உடைத்து உப்பு, மெழுகுவர்த்தி, ரொட்டி, பீர் என்று வாங்க வேண்டும்.

1601 முதல் ஒரு டிராய் பவுண்டு (வெள்ளி நிறுக்கும் எடை, சுமார் 373 கிராம்) வெள்ளியில் 62 ஷில்லிங் அடித்தார்கள். கணக்குப் போட்டால் ஒரு பென்னியின் எடை அரை கிராம். அரைப் பென்னி கால் கிராம். பார்த்திங் அடித்திருந்தால் ஒரு கிராமில் எட்டில் ஒரு பங்கு. விரல் இடுக்கில் நழுவினால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. நாணயச் சாலைக்காரர்களுக்கு இன்னொரு வருத்தமும் இருந்தது. கூலி எடைக்கு. ஒரு பவுண்டு வெள்ளியை ஐந்து ஷில்லிங் கிரவுன் காசாக அடித்தால் பன்னிரண்டு தட்டு தட்டினால் போதும். அரைப் பென்னியாக அடித்தால் ஆயிரத்து ஐந்நூறு தட்டு. கூலி ஏறக்குறைய அதேதான் என்றால் யார் சின்னக் காசு அடிப்பார்கள்?

செம்பில் அடித்திருக்கலாம். பிற ஐரோப்பிய நாடுகள் அடித்தன. ஆனால் எலிசபெத் காலத்திலிருந்தே ஆங்கில அரசவைக்குச் செம்பு என்றால் ஒரு கூச்சம். எட்டாம் ஹென்றி வெள்ளியில் கலப்படம் செய்து நாட்டின் காசையே கெடுத்துவிட்டுப் போனதை மறக்கவில்லை. நல்ல காசு என்றால் நல்ல வெள்ளி, அவ்வளவுதான்.

அதனால் கடைக்காரர்கள் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றித் தாங்களே சின்ன வில்லைகள் செய்துகொண்டார்கள். ஜேம்ஸ் அரசர் காலத்தில் ராபர்ட் காட்டன் என்ற அறிஞர் இதைக் கணக்குப் போட்டார்: லண்டனில் மூவாயிரம் சில்லறை வியாபாரிகளுக்கு மேல் ஆளுக்கு ஆண்டுக்கு ஐந்து பவுன் மதிப்புள்ள ஈய வில்லைகளை ஊற்றுகிறார்கள், அதில் பத்தில் ஒரு பங்கு அவர்களிடம் திரும்பி வருவதே இல்லை. மொத்தம் 15,000 பவுன். திரும்பாத பங்கு 1,500 பவுன். அது முழுவதும் வியாபாரிக்கு லாபம். இந்தத் தொகையைப் பார்த்ததும், இது ஏன் அரசரின் பைக்கு வரக் கூடாது என்ற கேள்வி அரண்மனையில் எழுந்தது.

ஹாரிங்டன் பிரபுவின் பார்த்திங்

1613-இல் முதலாம் ஜேம்ஸ் செம்புப் பார்த்திங் அடிக்கும் ஏகபோக உரிமத்தை எக்ஸ்டன் ஊர் ஹாரிங்டன் பிரபுவுக்குக் கொடுத்தார். நாட்டின் சில்லறைத் தட்டுப்பாட்டுக்குத் தீர்வு காண்பதில் ஹாரிங்டனுக்குப் பெரிய அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. அரசரின் மகள் எலிசபெத்தைத் தன் வீட்டில் வைத்து வளர்த்தவர் அவர். அந்தச் செலவிலும் அவளது திருமணச் செலவிலும் கடனில் மூழ்கியிருந்தார். உரிமம் அதற்கான ஈடு. பாவம், அனுபவிக்கவில்லை. இளவரசியைப் புகுந்த வீட்டில் கொண்டுபோய் விட்டுத் திரும்பும் வழியில் அதே ஆண்டு ஆகஸ்டில் ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் இறந்துபோனார். உரிமம் மகனுக்குப் போய், அவரும் மறு ஆண்டே இறந்து, பின் லெனாக்ஸ் கோமகன், ரிச்மண்ட் கோமகள், மால்டிரேவர்ஸ் பிரபு என்று கை மாறிக்கொண்டே இருந்தது.

இந்தப் பார்த்திங்குகளைப் பார்த்தால் பொருளாதாரம் படிக்காதவருக்கும் விஷயம் விளங்கும். எடை ஆறு கிரெயின், அதாவது 0.4 கிராம்கூட இல்லை. ஒரு சாதாரண பவுண்டு (சுமார் 454 கிராம்) செம்பில் ஆயிரத்து நூறுக்கும் மேல் அடிக்கலாம். முக மதிப்பு 24 ஷில்லிங்குக்கும் மேலே போகும். செம்பின் விலை அதில் ஒரு சிறு பங்கு. இவ்வளவு லாபம் இருந்ததால் உரிமக்காரர்கள் தள்ளுபடி விலைக்கே விற்றார்கள்: 20 ஷில்லிங் வெள்ளி கொடுத்தால் 21 ஷில்லிங்குக்குப் பார்த்திங்.

தள்ளுபடியில்தான் விஷம் இருந்தது. முதலாளிகள் மூட்டையாக வாங்கிக் கூலியை முழுவதும் பார்த்திங்காகவே கொடுக்க ஆரம்பித்தார்கள். நூற்றுக்கு ஐந்து மிச்சம் அவர்களுக்கு. வாங்கிய கூலியாளோ வீட்டு வாடகைக்கு அதைக் கொடுத்தால் வாங்க ஆள் இல்லை. ஒரு தடவைக்கு இரண்டு பென்னிக்கு மேல் பார்த்திங்காகத் தரக் கூடாது என்று அறிவிப்பு வந்தது. கள்ளக் காசு அடிப்பவர்களுக்கும் நல்ல அறுவடை. 1636 வாக்கில் ரோஜாப் பார்த்திங் என்று ஒன்று வந்தது. செம்புக்குள் ஒரு சின்னப் பித்தளைத் துண்டைப் பதித்து அடித்தது. போலி செய்வது கடினமாகட்டும் என்பதற்காக. நல்ல யோசனைதான், ரொம்பத் தாமதமாக வந்தது. மக்கள் பார்த்திங்குகளை மாற்றிக்கொள்ளப் போனால், இதில் கள்ளக் காசு கலந்திருக்கிறது என்று உரிமக்காரர்கள் கையை விரித்தார்கள்.

1642-இல் உள்நாட்டுப் போர் தொடங்கியது. சில ஆண்டுகளில் அரசரின் உரிமமும் மதிப்பிழந்தது. 1649 ஜனவரி 30 அன்று முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்டது. காசு அடிக்கும் தனி உரிமை யாருடையதோ அவரே இல்லை.

ஒரு டோக்கனைக் கையில் எடுத்தால்

தேதி போட்ட டோக்கன்களில் பழையவை 1648 என்று காட்டுகின்றன. அன்றைய ஆங்கிலக் கணக்கில் ஆண்டு மார்ச் 25-இல்தான் பிறக்கும். எனவே 1648 என்று இருப்பது நம் கணக்குப்படி 1649-இன் முதல் மாதங்களாகவும் இருக்கலாம். அரசர் இறந்ததும் டோக்கன்கள் பிறந்ததும் ஏறக்குறைய ஒரே நேரம். சிலர் இன்னும் கொஞ்சம் முந்தியே துணிந்திருப்பார்கள்.

பார்த்திங் டோக்கன் என்றால் குறுக்களவு 15, 16 மில்லிமீட்டர், எடை ஒரு கிராம் சுமார். மெல்லிய தகடு, லேசாக வளைந்திருக்கும். 1660-களின் நடுவிலிருந்து அரைப் பென்னி டோக்கன்கள் பெருகின. அவை இன்னும் கொஞ்சம் அகலம். பென்னி டோக்கன் அபூர்வம். பெரும்பாலும் வட்டம், சிலர் எண்கோணத்திலும் இதய வடிவத்திலும் அடித்து வாடிக்கையாளரைக் கவர முயன்றார்கள்.

ஒரு பக்கம் சுற்றிலும் கடைக்காரரின் முழுப் பெயர். நடுவில் தொழிலின் சின்னமோ கடையின் அடையாளப் பலகையோ. கூம்பு வடிவச் சர்க்கரைக் கட்டி இருந்தால் மளிகைக்காரர். கோலில் தொங்கும் மெழுகுவர்த்திகள் இருந்தால் அதை விற்பவர். சுருட்டிய புகையிலை, தொப்பி, கையுறை, கத்தரிக்கோல், கம்பளி மூட்டை, தராசு என்று போகும். எழுதப் படிக்கத் தெரியாதவர் நிறைந்த ஊரில் படம்தான் பேசும். வீட்டு எண்கள் இல்லாத காலம் அது. 'கறுப்புக் கரடி', 'மூன்று கிரீடம்' என்று தொங்கும் பலகைதான் கடையின் முகவரி.

மறுபக்கம் சுற்றிலும் ஊர் அல்லது தெருவின் பெயர். நடுவில் மூன்று எழுத்துகள், முக்கோணமாக. மேலே இருப்பது குடும்பப் பெயரின் முதலெழுத்து. கீழே இடப்பக்கம் கணவர் பெயரின் முதலெழுத்து, வலப்பக்கம் மனைவி பெயரின் முதலெழுத்து. இது எனக்குப் பிடித்த இடம். அந்தக் காலத்து ஆங்கிலச் சட்டத்தில் திருமணமான பெண்ணுக்குத் தனிச் சொத்தும் இல்லை, தனிக் கடனும் இல்லை. ஆனால் கடையில் கல்லாவில் நிற்பவர் பல நேரம் அவர்தான். டோக்கனைத் திருப்பிக் கொண்டுவந்தால் வெள்ளி எண்ணிக் கொடுக்கப் போகிறவரும் அவராக இருக்கலாம். அதனால் சட்டத்தில் இல்லாத பெயர் காசில் ஏறியது. கணவர் இறந்த பிறகு தன் பெயரிலேயே டோக்கன் விட்ட விதவைகளும் நிறையப் பேர்.

அரைப் பென்னிகளில் பொதுவாக 'அவருடைய அரைப் பென்னி' என்று எழுதியிருக்கும். அரசருடையது இல்லை, நாட்டினுடையதும் இல்லை, இந்தக் கடைக்காரருடையது. சிலர் ஒரு படி மேலே போய் வாக்குறுதியையே பாட்டாக்கினார்கள். நீங்கள் விரும்பும்போது இவற்றை மாற்றித் தருவேன் என்று ஒன்று சொல்கிறது. நான் வெறும் பித்தளைதான், ஆனாலும் என்னைப் போக விடு என்று இன்னொன்று கெஞ்சுகிறது. அவசியமான சில்லறைக்காக என்று காரணம் சொல்லிக்கொள்பவை ஏராளம். ஏழைகளின் நன்மைக்காக என்று சொல்பவை நகர நிர்வாகமோ ஏழைகள் நலனைப் பார்த்துக்கொண்ட ஊர் மேற்பார்வையாளர்களோ விட்டவை. பிரிஸ்டல் நகரம் 1652-இல் தன் பெயரிலேயே பார்த்திங் விட்டது, நார்விச் 1667-இல்.

ஒரு டோக்கனைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். லண்டன் பங்கு வணிகத்தின் பிறப்பிடமாகப் பின்னால் பேர் வாங்கிய எக்ஸ்சேஞ்ச் சந்தில் 1660-களின் தொடக்கத்தில் ஒரு காபிக் கடை திறந்தது. பலகையில் தலைப்பாகை கட்டிய துருக்கி சுல்தான். அந்தக் கடையின் டோக்கனிலும் அதே தலை. சுற்றிலும் 'மாமன்னன் முராத் என்று என்னை அழைத்தார்கள், போன இடமெல்லாம் வென்றேன்' என்ற பொருளில் இரண்டு வரிப் பாட்டு. மறுபக்கம் காபி, புகையிலை, சர்பத், தேநீர், சாக்லேட் சில்லறைக்குக் கிடைக்கும் என்ற அறிவிப்பு. அதாவது இது காசு மட்டும் இல்லை, கடையின் விளம்பரச் சீட்டும்தான். தேநீர் லண்டனில் இன்னும் புதுச் சரக்காக இருந்த நாளிலேயே அதன் பெயர் காசில் ஏறிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், முராத் என்ற பெயரில் அதுவரை ஆண்ட நாலு சுல்தான்களில் நாலாமவர் 1633-இல் இஸ்தான்புல்லின் காபிக் கடைகளை மூடச் சொல்லி, புகையிலை பிடித்தவர்களுக்கு மரண தண்டனை கொடுத்தவர். லண்டன் காபிக் கடைக்காரர் அதைக் கேள்விப்பட்டிருந்தாரோ என்னவோ.

தெருவுக்குள் ஓடிய கணக்கு

கடைக்காரர்கள் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து காசு அடிக்கவில்லை. வெவ்வேறு ஊர் டோக்கன்களில் ஒரே எழுத்து அச்சுகளின் தடம் தெரிகிறது. பெரும்பாலானவை லண்டனில் அடித்து வெளியூருக்கு அனுப்பப்பட்டவை. அவற்றில் கணிசமான பங்கை டேவிட் ராமேஜ் அடித்ததாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இவர் யார் தெரியுமா? லண்டன் டவரில் இருந்த அரசு நாணயச் சாலையிலேயே வேலை பார்த்தவர்; 1651-இல் குடியரசு அரசாங்கத்துக்காக மாதிரி வெள்ளிக் காசுகள் அடித்துக் காட்டியவர். அரசு செய்யாத வேலையை அரசின் ஆளே தனியாருக்குச் செய்து கொடுத்திருக்கிறார்.

சரி, இது எப்படி ஓடியது? சத்திரக்காரர் ஒருவர் சில பவுன் மதிப்புக்கு டோக்கன் வாங்கி வைத்துக்கொள்கிறார். ஷில்லிங்கோடு வருபவருக்கு மீதியை டோக்கனாகத் தருகிறார். அந்த ஆள் பக்கத்து ரொட்டிக் கடையில் அதைக் கொடுக்கிறார். ரொட்டிக்காரர் ஏன் வாங்குகிறார்? சத்திரம் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. கொஞ்சம் சேர்ந்ததும் ஆளனுப்பினால் வெள்ளி வந்துவிடும். அதோடு ரொட்டிக்காரரின் டோக்கன்களும் சத்திரத்தில் சேர்ந்திருக்கும், இரண்டையும் கழித்துக்கொள்ளலாம். அண்டை அயல் டோக்கன்களைப் பிரித்துப் போட்டு வைக்கத் தடுப்புகள் கொண்ட பெட்டிகள் கடைகளில் இருந்ததாகச் சொல்வார்கள். இன்றைய வங்கிகள் நாள் முடிவில் காசோலைகளை நேர் செய்துகொள்வதன் சின்ன உருவம் என்று அதைச் சொன்னால் தப்பில்லை.

சில்லறை இல்லை என்று நம்மூர்க் கடைக்காரர் இரண்டு மிட்டாயை எடுத்து நீட்டுவது இதே மாதிரி என்று தோன்றலாம். ஆனால் அந்த மிட்டாயை மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்து உப்பு வாங்க முடியாது. டோக்கனின் உயிரே அந்தத் திரும்பும் பாதையில்தான் இருந்தது. ஹாரிங்டன் பார்த்திங்கில் அரசரின் பட்டமும் கிரீடமும் இருந்தன. மாற்றித் தரும் வாசல் இல்லை. மளிகைக்காரரின் பார்த்திங்கில் சர்க்கரைக் கட்டிதான் இருந்தது. அந்தச் சர்க்கரைக் கட்டி எந்தத் தெருவில் தொங்குகிறது என்று எல்லோருக்கும் தெரியும். மாற்றித் தர மறுத்தால் அவர் மறுநாளும் அதே தெருவில், அதே கோயிலில், அதே முகங்களைப் பார்க்க வேண்டும்.

கள்ள டோக்கன் இவர்களை ஹாரிங்டன் காலத்து அளவுக்கு ஆட்டி வைக்கவில்லை என்பதற்கும் இதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். நாடு முழுவதும் செல்லும் காசைப் போலி செய்தால் நாடு முழுவதும் தள்ளலாம். ஒரே தெருவில் செல்லும் காசைப் போலி செய்தால் அந்தத் தெருவில்தான் தள்ள வேண்டும், அதுவும் தன் காசு எத்தனை வெளியே இருக்கிறது என்று அறிந்தவரின் கண் முன்னால்.

கடைக்காரருக்கு லாபமும் உண்டு. வெளியே இருக்கும் வரை அது அவருக்கு வட்டியில்லாத கடன். தொலைந்தால் அவருடைய வரவு. எல்லாவற்றுக்கும் மேலாக, டோக்கன் வைத்திருப்பவர் திரும்ப அந்தக் கடைக்கே வருவார். இந்தத் தொழில்களைப் பாருங்கள்: மளிகை, சத்திரம், மெழுகுவர்த்தி, ரொட்டி. கால் பென்னிக்கும் அரைப் பென்னிக்கும் ஒரு நாளைக்கு நூறு தடவை விற்பனை நடக்கும் இடங்கள். குதிரை வியாபாரிக்கு டோக்கன் தேவைப்படவில்லை.

விட்டவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று உள்ளூர் வரலாற்று ஆய்வாளர்கள் துருவிப் பார்த்திருக்கிறார்கள். 1662-இல் அடுப்பு வரி வந்தது. ஒரு அடுப்புக்கு ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங். யார் வீட்டில் எத்தனை அடுப்பு என்ற பதிவேடுகள் இன்னும் இருக்கின்றன. டோக்கனில் உள்ள பெயரை அந்தப் பதிவேட்டில் தேடினால் ஆளின் வசதி தெரிந்துவிடும். பெரும் பணக்காரரும் இல்லை, பரம ஏழையும் இல்லை. ஊரில் நாலு பேர் மதிக்கும் நடுத்தரக் கடைக்காரர்கள், திருச்சபைப் பொறுப்பும் நகர மன்றப் பொறுப்பும் வகித்தவர்கள் பலர். அந்த அடுப்பு வரியைக் கட்ட மட்டும் இந்த டோக்கன் உதவாது. அரசருக்கு வெள்ளிதான் வேண்டும்.

முகவரி போய்விட்டால்

ஈவ்லின் என்ற நாட்குறிப்பாளர் 1697-இல் பழைய காசுகளைப் பற்றி எழுதும்போது இந்த டோக்கன்களையும் தொட்டுவிட்டுப் போகிறார். ஒவ்வொரு மதுக்கடையும் குடிசைக் கடையும் துணிந்து அடித்துவிட்ட இவை அடுத்த ஒன்றிரண்டு தெருவைத் தாண்டிச் செல்லவில்லை என்கிறார். கொஞ்சம் ஏளனமாகத்தான் சொல்கிறார், ஆனால் சரியாகச் சொல்கிறார். இன்று உழுத வயல்களில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடுபவர்களுக்குக் கிடைக்கும் டோக்கன்களும் பெரும்பாலும் அவற்றில் எழுதிய ஊரைச் சுற்றியே கிடைக்கின்றன. சந்தை நாளில் நடந்து போய்த் திரும்பும் தூரம்தான் எல்லை. அந்த எல்லைக்கு வெளியே அது வெறும் ஒரு கிராம் பித்தளை.

ஊருக்கு ஊர் போகிறவர்களுக்கு இதனால் தொல்லை. கால்நடை ஓட்டிச் செல்பவர், கூடையில் சாமான் விற்பவர், வேலை தேடி அலைபவர் எல்லாம் ஒவ்வொரு ஊரிலும் கையில் சேர்ந்த டோக்கனை அங்கேயே தீர்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இன்னொரு தொல்லை இதைவிடப் பெரியது. கடைக்காரர் எவ்வளவு டோக்கன் விடலாம் என்பதற்கு வரம்பு இல்லை. விட்டதற்கு ஈடாக வெள்ளி ஒதுக்கி வைக்க வேண்டும் என்று கேட்பாரும் இல்லை. அவர் நொடித்துப் போனாலோ ஊரை விட்டுப் போனாலோ வாரிசு இல்லாமல் இறந்தாலோ, கையில் டோக்கன் வைத்திருப்பவருக்கு நஷ்டம். நீதிமன்றத்துக்குப் போகலாமா? நாலு பென்னிக்கு யார் வழக்குப் போடுவார்கள்?

1665-இல் லண்டனில் கொள்ளை நோய். மறு ஆண்டு செப்டம்பர் 2 முதல் 5 வரை பெருந்தீ. சுமார் 13,200 வீடுகளும் 87 திருச்சபைக் கோயில்களும் எரிந்தன. எக்ஸ்சேஞ்ச் சந்து இருந்த பகுதி அதில் மொத்தமாகப் போனது. தெருவும் பலகையும்தான் காசின் உத்தரவாதம் என்றால், தெருவே இல்லாதபோது அந்தக் காசை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? பிழைத்த கடைக்காரர்கள் வேறு இடத்தில் திறந்தார்கள், பழைய இடத்தில் மறுபடி கட்டினார்கள், புது டோக்கன்களும் விட்டார்கள். தீக்கு அடுத்த சில ஆண்டுகளின் தேதி போட்ட டோக்கன்கள் நிறையவே இருக்கின்றன. ஏற்பாடு உடையவில்லை. ஆனால் அது எதன் மேல் நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

ஸ்வீடன் செம்பும் பிரிட்டானியாவும்

1660-இல் இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறியும் பன்னிரண்டு ஆண்டுகள் சில்லறைப் பிரச்சினை அப்படியே கிடந்தது. 1665-இல் மாதிரிகள் அடித்துப் பார்த்தார்கள், அத்தோடு சரி. டோக்கன்கள் அதிகம் வந்ததே இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில்தான். அரசு இல்லாததால் டோக்கன் வந்தது என்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அரசர் திரும்பி வந்து அரண்மனையில் உட்கார்ந்திருந்தபோதும் பார்த்திங் வரவில்லை.

1672 ஆகஸ்ட் 16 அன்று அறிவிப்பு வந்தது. இனி அரசின் செம்பு அரைப் பென்னியும் பார்த்திங்கும்தான் செல்லும். ஆறு பென்னிக்குக் குறைவான தொகைகளுக்கு அவற்றைக் கொடுக்கலாம். தனியார் டோக்கன் கூடாது. அந்த அறிவிப்பின் வாசகத்தில் நேர்மை இருக்கிறது. இப்படிச் சின்னக் காசுகள் பொதுப் பயன்பாட்டுக்கு அவசியமாக இல்லாமல் இருந்திருந்தால் மக்கள் தனியார் காசை இவ்வளவு எளிதில் வாங்கியிருக்க மாட்டார்கள் என்று அரசே ஒப்புக்கொள்கிறது. வெள்ளியில் இதைச் செய்ய முடியாது. வேறு உலோகத்தில் செய்தால் உலோகத்தின் விலையும் முக மதிப்பும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால்தான் பாதுகாப்பு என்றும் சொல்கிறது.

அந்தக் கொள்கைப்படியே அடித்தார்கள். வட்டத் தகடுகள் ஸ்வீடன் செம்பில் வந்தன. ஒரு பவுண்டு செம்பில் 20 பென்னி மதிப்புக்குத்தான் காசு. ஹாரிங்டன் காலத்தில் அதே ஒரு பவுண்டிலிருந்து 291 பென்னி எடுத்தார்கள் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். புதுப் பார்த்திங் ஐந்தரை கிராமுக்கு மேல். கடைக்காரரின் டோக்கன் ஐந்தை ஒரு தட்டில் போட்டால்தான் சரியாக வரும். கையில் எடுத்தவுடன் கனம் தெரிந்தது. முகவரி இல்லாத காசுக்கு அந்தக் கனம்தான் ஜாமீன்.

பின்பக்கத்தில் ஈட்டியோடு உட்கார்ந்திருக்கும், நாட்டைப் பெண்ணாக உருவகித்த பிரிட்டானியாவுக்கு மாதிரியாக இருந்தவர், அரசர் மயங்கிக் கிடந்த ஃபிரான்சஸ் ஸ்டூவர்ட், ரிச்மண்ட் கோமகள் என்பார்கள். முதலாம் சார்லஸ் காலத்தில் பார்த்திங் உரிமம் வைத்திருந்தவரும் ஒரு ஃபிரான்சஸ், அவரும் ரிச்மண்ட் கோமகள். இருவரும் வெவ்வேறு ஆட்கள். ஒருவர் பார்த்திங்கில் பணம் பார்த்தார், இன்னொருவர் முகம் கொடுத்தார்.

டோக்கன்கள் உடனே நிற்கவில்லை. 1674-இல் இன்னொரு அறிவிப்பு தேவைப்பட்டது. அயர்லாந்தில் அந்தப் பத்தாண்டின் இறுதி வரை ஓடின. ஆனாலும் இங்கிலாந்தில் பெரிய எதிர்ப்பு எழவில்லை. கடைக்காரர்களுக்கு டோக்கன் மேல் பாசம் ஒன்றும் இல்லை. சில்லறை கிடைத்தால் போதும்.

அரசு இந்தப் பாடத்தை ரொம்ப நாள் நினைவில் வைத்திருக்கவில்லை. செம்புக்குச் செலவாகிறது என்று 1684-இல் தகரத்தில் காசு அடித்து, நடுவில் ஒரு செம்புக் குமிழைப் பதித்தார்கள். அடுத்த நூற்றாண்டில் செம்பு அடிப்பதையே வருடக்கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். 1787-இல் நாணயச் சாலையே எடுத்த கணக்கில், புழக்கத்தில் இருந்த அரைப் பென்னிகளில் நூற்றுக்கு எட்டுதான் அசலின் சாயலையாவது கொண்டிருந்தன. அதே ஆண்டு வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் செம்பு தோண்டிய பாரிஸ் (Parys) சுரங்கக் கம்பெனி, தொழிலாளருக்குக் கூலி கொடுக்கச் சொந்தமாகப் பென்னி அடித்தது. முன்பக்கம் முக்காடு போட்ட துருயிது, அதாவது பண்டைய கெல்ட்டியப் பூசாரி. மறுபக்கம், இதைக் கொண்டுவருபவருக்கு ஒரு பென்னி தருவதாக வாக்களிக்கிறோம் என்ற வாசகம். விளிம்பில் முகவரி: லண்டன், லிவர்பூல் அல்லது ஆங்கிள்சியில் கேட்டவுடன் தரப்படும். கனமும் இருந்தது, முகவரியும் இருந்தது. மூன்று ஊர் முகவரி. அதைப் பார்த்து நாடு முழுவதும் மறுபடி ஆயிரக்கணக்கான டோக்கன்கள். 1797-இல் பர்மிங்ஹாம் தொழிலதிபர் மேத்யூ போல்டன் நீராவி அச்சில் அரசுக்காக ஒரு அவுன்ஸ் பென்னி அடித்துக் கொடுத்த பிறகுதான் அந்த அலை தணிந்தது. 1811 வாக்கில் இன்னொரு அலை வந்தது.

1817-இல் பாராளுமன்றம் தனியார் டோக்கன்களைச் சட்டம் போட்டு நிறுத்தியபோது இரண்டு ஊர்களுக்கு மட்டும் விலக்கு அளித்தது. பர்மிங்ஹாமிலும் ஷெஃபீல்டிலும் ஏழைகள் நல மேற்பார்வையாளர்கள் விட்ட பென்னிகள் ஏழைகளின் கையில் குவிந்திருந்தன. ஒரே நாளில் செல்லாது என்றால் அவர்கள் தலையில்தான் விடியும். பர்மிங்ஹாமுக்கு 1820 மார்ச் வரையும் ஷெஃபீல்டுக்கு 1823 மார்ச் வரையும் அவகாசம் கொடுத்தார்கள், கொண்டுவந்து மாற்றிக்கொள்ள.